புகையும் ஆவியும்: சிகரெட்டிலும் மின்சிகரெட்டிலும் உடலுக்குள் செல்லும் நிகோடின்

நிகோடின் என்பது புகையிலைச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள். 1560ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராக இருந்து, புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பிவைத்த ழான் நிக்கோவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் இதை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தனர். நம் ஊர் உழவர்கள் புகையிலையை ஊறவைத்த நீரைச் செடிகளுக்குத் தெளித்துப் பூச்சி விரட்டியது இந்தப் பொருளை நம்பித்தான்.

சிகரெட் புகைப்பவர், மின்சிகரெட்டை உறிஞ்சுபவர் ஆகிய இருவரில் யாருடைய உடலுக்குள் அதிக நிகோடின் செல்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது. ஆனாலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கல்லூரிகள் நிறைந்திருக்கும் தென்சென்னைப் புறநகரில், "இது வெறும் வாசனை ஆவிதான்" என்றும் "இது இத்தனை சிகரெட்டுக்குச் சமம்" என்றும் இரண்டு பேச்சுகள் மாணவர்களிடையே உலவுகின்றன. இரண்டுமே அரைகுறையானவை. பொருளுக்குள் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு, எத்தனை விரைவில் இரத்தத்தில் கலக்கிறது என்பது வேறு கணக்கு. அடிமைத்தனத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கணக்குதான்.

தாம்பரமும் நுரையீரலும்

நுரையீரலின் வரலாற்றில் தாம்பரத்துக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை நடத்திவந்த டாக்டர் சௌரி முத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்துக்கு அருகில் ஒரு காசநோய் சானடோரியத்தை நிறுவினார். தொடக்கத்தில் அங்கே 12 படுக்கைகள் இருந்தன. கணித மேதை இராமானுஜன் 1917இல் மெண்டிப் குன்றுகளில் சிகிச்சை பெற்றது இதே முத்துவிடம்தான். 1937இல் சென்னை மாகாண அரசு இந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. ஊருக்கும் இரயில் நிலையத்துக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரையும் அது தந்துவிட்டது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சை. சென்னைப் பட்டணத்தின் புகையிலிருந்து விலகி இருந்ததால்தான் இவ்விடம் பொருத்தமாகப்பட்டது. இப்போது அந்த மருத்துவமனை வாசலை ஒட்டிய சாலையில் நிற்கும் எவருக்கும் இதை நம்புவது கடினம்.

காசநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டியதும் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வே. டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டனர். 2003இல் 'தி லான்செட்' இதழில் முடிவு வெளியானது. புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பவர் என்றால் புற்றுநோயும் மாரடைப்பும்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த மேலைநாட்டு மருத்துவ உலகுக்கு இது புதிய செய்தி. உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி நோயாக வெடிப்பதற்குப் புகை வழிசெய்கிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்களைக் கொன்றது புகை. புகையில் சுமார் 7,000 வேதிப்பொருள்கள் உள்ளன, அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அந்தப் புகையை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இழுக்கவைத்தது நிகோடின். நோய் தருவது ஒன்று, பழக்கத்தில் கட்டிப்போடுவது இன்னொன்று. மின்சிகரெட் இந்த இரண்டையும் பிரிக்க முயன்ற கருவி என்பதால்தான் ஒப்பீடு அவ்வளவு எளிதாக இல்லை.

சுண்ணாம்பு சொல்லும் வேதியியல்

புகையிலை தமிழகத்துக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. வந்த சில தலைமுறைகளுக்குள் வெற்றிலைப் பெட்டியில் இடம்பிடித்துவிட்டது. பாக்கு, வெற்றிலை, புகையிலை ஆகியவற்றோடு சுண்ணாம்பையும் சேர்த்து மென்ற பாட்டிமார்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் சுண்ணாம்பு இல்லாவிட்டால் புகையிலை 'பிடிக்காது' என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதன் காரணம் இதுதான். நிகோடின் ஒரு காரம். காரச் சூழலில் அது தனி மூலக்கூறாக இருந்து, வாயின் மென்மையான சவ்வைக் கடந்து இரத்தத்தில் கலந்துவிடும். அமிலச் சூழலில் உப்பாக மாறிச் சவ்வைக் கடக்க முடியாமல் நின்றுவிடும். சுண்ணாம்பு வாயைக் காரமாக்குகிறது, நிகோடின் தடையின்றி உள்ளே போகிறது.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கும் இதே விதிதான். ஒரு காலத்தில் அந்தச் சுருட்டுக்கு உலகப் புகழ் இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் முதல் கதையிலேயே அதன் சாம்பல் ஒரு தடயமாக வரும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, தொண்டையைக் கமறவைக்கும். அதனால் சுருட்டுப் பிடிப்பவர் பொதுவாகப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி வெளியே விட்டாலே போதிய நிகோடின் கிடைத்துவிடும், ஆனால் மெதுவாக.

சிகரெட் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பரவிய வெப்பக்குழாய் உலர்த்தும் முறையில் பதப்படுத்திய புகையிலையின் புகை சற்றே அமிலத்தன்மை உடையது. அது தொண்டையை உறுத்தாது, ஆனால் வாயிலேயே உறிஞ்சப்படவும் செய்யாது. எனவே நிகோடின் வேண்டுமானால் நெஞ்சுக்குள் இழுத்தே ஆக வேண்டும். அப்படி இழுத்துவிட்டால், விரித்தால் ஓர் அரங்கத்தின் தரையளவு பரப்புள்ள நுரையீரல் காற்றறைகள் நிகோடினை நொடிகளில் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இழுத்த 10 முதல் 20 நொடிகளில் அது மூளையை எட்டுகிறது. கையில் ஊசி போட்டால்கூட இவ்வளவு விரைவு இல்லை. மென்மையான புகை என்று விளம்பரம் செய்யப்பட்டது உண்மையில் ஆழமான புகை.

புகையிலை மெல்பவருக்கு மொத்தத்தில் கிடைக்கும் நிகோடின் சிகரெட் புகைப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மருத்துவர் நீல் பெனோவிட்சின் குழு 1988இல் வெளியிட்ட அளவீட்டில், அரை மணி நேரம் புகையிலை மென்றவர்களின் உடலில் சராசரியாக 4.5 மில்லிகிராம் நிகோடின் சேர்ந்தது. ஒரு சிகரெட்டில் 1.8 மில்லிகிராம். வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. மெல்பவருக்கு அளவு படிப்படியாக ஏறுகிறது. புகைப்பவருக்கு ஒவ்வோர் இழுப்பும் மூளைக்கு ஒரு சிறு அடியாகப் போய்ச் சேர்கிறது. அந்தச் சிறு அடிகளே பழக்கத்தை ஆழப் பதிக்கின்றன.

ஒரு சிகரெட்டில் எவ்வளவு?

ஒரு சிகரெட்டில் அடைத்த புகையிலையில் பொதுவாக 10 முதல் 14 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். இதில் பெரும்பகுதி எரிந்தும், காற்றில் கலந்தும், துண்டில் தங்கியும் வீணாகிறது. உடலில் சேருவது சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம். இது சராசரி மட்டுமே. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சிகரெட்டை ஒருவர் மேலோட்டமாக இழுத்தால் இதில் பாதியும், இன்னொருவர் ஆழமாக இழுத்தால் இதைவிட அதிகமும் பெறலாம்.

பீடி சிறியது, அதனால் தீங்கும் குறைவு என்பது பரவலான நம்பிக்கை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் பீடிப் புகையிலையில் கிராமுக்கு 21.2 மில்லிகிராமும், வடிகட்டி வைத்த சிகரெட்டின் புகையிலையில் கிராமுக்கு 16.3 மில்லிகிராமும் நிகோடின் இருந்தது. பீடியில் தூளின் எடை குறைவு என்பது உண்மையே. ஆனால் அது அடிக்கடி அணைந்துவிடும். அணையாமல் காக்க அடிக்கடியும் அழுத்தமாகவும் இழுக்க வேண்டும். இழுப்புகள் கூடக் கூட எடையில் இருந்த குறைவு ஈடாகிவிடுகிறது.

மேலைநாடுகளில் சிகரெட் பெட்டியின்மேல் அச்சிட்ட நிகோடின் எண் ஓர் இயந்திரத்தின் அளவீடு. அந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நொடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். மனிதர்கள் அப்படிப் புகைப்பதில்லை. 'லைட்' சிகரெட்டுகளின் வடிகட்டியில் நுண்ணிய துளைகள் உண்டு. இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும், எண் குறைவாக வரும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். போதாததற்கு, உடல் பழகிய அளவு நிகோடினைத் தேடி அவர் இன்னும் ஆழமாக இழுப்பார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001இல் இதை விரிவான அறிக்கையாக வெளியிடும்வரை, கோடிக்கணக்கானவர்கள் 'லைட்' என்ற சொல்லை நம்பியே புகைத்துக்கொண்டிருந்தனர். எண்ணைப் பார்த்து ஏமாந்த இந்தக் கதை மின்சிகரெட்டில் மீண்டும் நடக்கிறது.

உடலில் சேர்ந்த நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. கல்லீரல் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. கோட்டினின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆவதால், ஒருவர் நாள் முழுவதும் எவ்வளவு நிகோடின் பெற்றார் என்பதை உமிழ்நீரிலோ சிறுநீரிலோ இதை அளந்து கணிக்கின்றனர். சிகரெட்டையும் மின்சிகரெட்டையும் நேர்மையாக ஒப்பிட உதவும் அளவுகோல் இதுதான்.

மின்சிகரெட் வந்த வழி

இன்றைய மின்சிகரெட்டைச் சீன மருந்தியலாளர் ஹோன் லிக் 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். மறு ஆண்டே அது சீனச் சந்தைக்கு வந்தது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், நறுமணப் பொருள்கள் ஆகியவை கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள் ஆவியாக்கும். அந்த ஆவியை உள்ளே இழுப்பதே 'வேப்பிங்'. எதுவும் எரிவதில்லை. ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் வருவதுபோல வருவதில்லை.

தொடக்கக் காலக் கருவிகள் நிகோடின் கொடுப்பதில் சோப்ளாங்கிகளாகவே இருந்தன. நியூசிலாந்தில் கிறிஸ் புல்லென் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 16 மில்லிகிராம் என்று குறிக்கப்பட்ட ஒரு கருவியைப் பயன்படுத்தியவர்களின் இரத்தத்தில் நிகோடின் உச்சமாக மில்லிலிட்டருக்கு 1.3 நானோகிராமே ஏறியது, அதற்கும் சுமார் 20 நிமிடம் ஆனது. சிகரெட் புகைத்தபோது அதே உச்சம் 13.4 நானோகிராம். பத்து மடங்கு வேறுபாடு! மின்சிகரெட்டில் நிகோடின் குறைவு என்ற பேச்சு இந்தக் காலத்து உண்மையின் மிச்சம்.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, மின்கலத்தின் ஆற்றல் கூடியது. அதிகச் சூடு அதிக ஆவி தரும். அதிக ஆற்றலுள்ள கருவியில் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே நிகோடின் உள்ள திரவம்கூட, பழைய கருவியில் பல மடங்கு செறிவான திரவம் தந்த அளவைத் தந்துவிடும். ஆகையால் திரவத்தின் செறிவை மட்டும் பார்த்து இது வீரியம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மாற்றம் வேதியியல் சார்ந்தது, பாட்டியின் சுண்ணாம்புக்கு நேர் எதிரானது. பழைய திரவங்களில் நிகோடின் கார நிலையில் இருந்தது, செறிவு கூடினால் சுருட்டைப்போலத் தொண்டையைக் கமறவைத்தது. அதனால் யாராலும் ஓரளவுக்குமேல் ஆழமாக இழுக்க முடியவில்லை. 2015இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூல் என்னும் கருவி, நிகோடினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அதை உப்பாக்கியது. அமிலம் சேர்ந்ததும் கமறல் போய்விட்டது. மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்ற செறிவைக்கூட ஒரு பள்ளி மாணவன் இருமாமல் இழுக்க முடிந்தது. சுருட்டிலிருந்து சிகரெட்டுக்குப் புகை வந்த அதே பாதையில் ஆவியும் வந்துசேர்ந்தது. நிகோடின் இரத்தத்தில் ஏறும் வேகத்தில் இத்தகைய உப்புக் கருவிகள் சிகரெட்டை நெருங்கிவிட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு விதித்துள்ளது. ஒரு சிகரெட் புகைக்கும் நேரத்தில் அதற்கு இணையான நிகோடினைத் தரும் செறிவு என்பதே அந்த வரம்புக்குச் சொல்லப்பட்ட காரணம். வரம்பு இல்லாத இடங்களில் அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு செறிவு விற்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஜூலின் ஒரு குப்பியில் 0.7 மில்லிலிட்டர் திரவம். செறிவு 59 மில்லிகிராம். பெருக்கினால் சுமார் 41 மில்லிகிராம் நிகோடின். ஒரு குப்பி சுமார் 200 இழுப்பு வரும், ஒரு பெட்டி சிகரெட்டுக்கு இணை என்று அந்நிறுவனம் கூறியது. 20 சிகரெட்டில், சிகரெட்டுக்கு 10 இழுப்பு என்றால் அதுவும் 200 இழுப்புதான். ஆனால் அந்த 20 சிகரெட்டுக்குள் இருக்கும் நிகோடின் 200 மில்லிகிராமுக்கும் மேல், உடலில் சேருவது 20 முதல் 30 மில்லிகிராம். சிகரெட்டில் பத்தில் ஒரு பங்கே உடலுக்குச் செல்கிறது. ஆவியில் வீணாவது குறைவு என்பதால் குப்பியில் உள்ள 41 மில்லிகிராமில் பெரும்பகுதி உள்ளே போக வாய்ப்பு உண்டு. உள்ளிருக்கும் அளவை மட்டும் பார்த்தால் சிகரெட் ஐந்து மடங்கு பெரியது, உடலில் சேரும் அளவைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதையே இன்று பரவலாகக் கிடைக்கும், பயன்படுத்தி எறியும் பெரிய கருவிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லிலிட்டர் திரவம், 50 மில்லிகிராம் செறிவு என்றால் 500 மில்லிகிராம். பெட்டிபெட்டியாகப் புகைத்தால் கிடைக்கும் நிகோடின் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது.

எந்த அளவீட்டிலும் சரியாகப் பிடிபடாத ஒன்றும் உண்டு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எரிந்து முடிந்துவிடும். இன்னொன்று வேண்டுமானால் பெட்டிக்கடைவரை நடக்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும், முன்னாட்களில் கடைத் தூணில் நுனி கனன்றபடி தொங்கிய கயிற்றில் பற்றவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சட்டையில் வாசனை அடிக்கும், அம்மா கண்டுபிடித்துவிடுவார். மின்சிகரெட்டுக்கு இந்த வேலிகள் எதுவும் இல்லை. பாடப்புத்தகத்தின் பின்னால், படுக்கையில், கழிப்பறையில், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கை என்பதே இல்லாமல் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் சிகரெட் புகைப்பவர் சொல்லிவிடுவார், மின்சிகரெட் பிடிப்பவரால் சொல்ல முடியாது.

நெடுநாள் பயன்படுத்துவோரிடம் உண்மையில் என்ன நடக்கிறது? பிரிட்டனில் 181 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது. சிகரெட்டை முழுவதும் விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மாறியவர்களின் உடலில் நிகோடின் அளவு புகைப்பவர்களுடைய அளவை ஒத்தே இருந்தது. ஆனால் புகையிலைக்கே உரிய ஒரு முக்கியமான புற்றுநோய்க் காரணியின் தடயம் 97 விழுக்காடு குறைந்திருந்தது. சிகரெட்டையும் மின்சிகரெட்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. வீட்டில் மின்சிகரெட், நண்பர்களோடு தேநீர்க்கடையில் சிகரெட் என்றிருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். அவர் எதையும் குறைக்கவில்லை, ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

மாறிய புகைப்பவருக்கு இது இலாபமாக இருக்கலாம். புகைத்தே அறியாத 17 வயதுப் பிள்ளைக்கு இதில் இலாபம் ஏது? அவருக்குக் கிடைப்பது முழு நிகோடினும், அதுவரை இல்லாத ஓர் அடிமைத்தனமும்தான். ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை நிகோடினுக்கு மிக எளிதில் பழகிவிடுகிறது.

தடையும் சந்தையும்

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரில் மின்சிகரெட் விற்பனைக்குத் தடை விதித்தது. பஞ்சாப், கர்நாடகம் போன்ற சில மாநிலங்கள் அதற்கு முன்பே தடை செய்திருந்தன. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்துக்கும் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து இலட்சம்வரை அபராதமும்.

2016-17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே மின்சிகரெட் பற்றிக் கேள்விப்பட்டிருந்தனர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 20 விழுக்காடு. பரவுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற அரசின் வாதத்துக்கு இது வலு சேர்த்தது. எதிர்வாதமும் இருந்தது. கொல்லும் சிகரெட் எல்லாக் கடையிலும் கிடைக்க, அதைவிடத் தீங்கு குறைந்ததைத் தடுப்பது என்ன நியாயம் என்பது அது. பிரிட்டன் இந்த எதிர்வாதத்தின் வழியில் சென்றது. அங்கே புகைப்பவர்கள் மாறுவதற்கு அரசே ஊக்கம் தந்தது, பின்னர் சிறுவர்களிடையே பழக்கம் பரவக் கண்டு கவலையும் கொண்டது. சிகரெட்டைத் தொடாமல் மின்சிகரெட்டை மட்டும் தடை செய்ததில் முரண் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அதற்காகப் பள்ளி வாசலில் இன்னொரு கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதும் சரியான முடிவாகாது.

தடையால் விளைந்த ஒரு பக்கச் சிக்கலைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. சட்டபூர்வமான பொருளுக்கு உறையில் செறிவு இருக்கும், சோதனை இருக்கும், வரம்பு இருக்கும். ஒளித்து விற்கப்படும் பொருளுக்கு இவை எதுவும் இல்லை. சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் மின்சிகரெட்டுகளைப் பறிமுதல் செய்ததாக அவ்வப்போது செய்தி வருகிறது, பிடிபடாதவை கைமாறிப் புறநகர்வரை வந்துசேர்கின்றன. வண்ண உறையில் அச்சிட்டிருக்கும் செறிவு உண்மையா என்று சோதிக்க வாங்குபவருக்கு வழியில்லை. 'நிகோடின் இல்லை' என்று எழுதியிருந்தாலும் நம்ப முடியாது. ஆகவே, மேலே கண்ட கணக்குகள் அளவிடப்பட்ட பொருள்களுக்கே பொருந்தும். அமெரிக்காவில் 2019இல் திடீரெனப் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர். முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது நிகோடின் அன்று; முறைசாரா வழிகளில் விற்ற கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. செறிவான நிகோடின் திரவம் விழுங்கினாலும் தோலில் பட்டாலும் நஞ்சு. வாந்தி, மயக்கம், வலிப்பு வரலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிகரெட்டுக்கு 2003ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் உள்ளது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. ஜி.எஸ்.டி. சாலையில் பள்ளி, கல்லூரி வாசல்களிலிருந்து 100 கஜத்தை யார் அளந்து பார்த்தாலும் இந்த விதி எவ்வளவு காக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

விடுவதற்கு நிகோடின்

நிகோடினை விடுவதற்கு நிகோடினையே மருந்தாகக் கொடுக்கும் முறை இந்தியாவில் சட்டபூர்வமாக உள்ளது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுள்ள மெல்லும் கம்மும், தோலில் ஒட்டும் பட்டையும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பிரிட்டனில் 886 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றை மின்சிகரெட்டோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் மின்சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தனர், கம், பட்டை போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினர். இந்த எண்களை மட்டும் சொல்லி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டவர்களில் மின்சிகரெட் குழுவினர் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டைத் தொடர்ந்தனர். மற்ற குழுவில் கம், பட்டையைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினர். சிகரெட்டை விட்டார்கள், நிகோடினை விடவில்லை.

விட நினைப்பவர்கள் 1800112356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் புகையிலைப் பழக்கத்திலிருந்து விடுபட நெடுங்காலமாக உதவிவருகிறது. விட்ட முதல் வாரம்தான் கடினமானது. எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை அப்போது உச்சத்தில் இருக்கும், பின்னர் சில வாரங்களில் தணியும்.

கம் பயன்படுத்துவோர் பலர் அதைச் சூயிங்கம்போலத் தொடர்ந்து மென்று, நிகோடினை உமிழ்நீரோடு விழுங்கிவிட்டு, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்ததும் பலனில்லை என்று தூக்கி எறிந்துவிடுகின்றனர். காரம்போன்ற சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் சில முறை மெல்ல வேண்டும். வாயைச் சற்றே காரமாக வைத்திருக்கும் பொருளைக் கம்மிலேயே கலந்திருக்கிறார்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதுபோல. காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் போன்றவை வாயை அமிலமாக்கி அதைக் கெடுத்துவிடும். ஆகவே கம்மை வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும், மெல்லும்போதும் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்கக் கூடாது.